வினிகர் கணக்கு

ஜப்பான்காரன் மொரிதா தன் நாட்டில் ரசாயன வாத்தியாராக இருந்தவன். யுத்தத்தில் ஜப்பான் எங்கள் ஊரைப் பிடித்து, அவன் எங்கள் தேயிலைத் தொழிற்சாலைக்கு அதிகாரியாக வந்ததும், மண் பரிசோதிக்கிற என்னைத் தினமும் மத்தியானம் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தினான். "விடை தப்பினால் நீயும் சயாமுக்கு," என்று முதல் நாளே இங்கிலீஷில் சொல்லிவிட்டான். சயாமில் ரயில் பாதை போட எங்கள் லயத்து வீடுகளிலிருந்து பிடித்துப் போன ஒருவனும் திரும்பவில்லை.

இன்றைக்கு சயாமுக்கு ஆள் ஏற்றுகிற லாரியில் என் தம்பி டொனால்ட் ஏறினான்.

"நீ போயி கணக்கு போடுண்ணே," என்றான், என் முகத்தைப் பார்க்காமல். "நாங்க தண்டவாளம் போடுறோம் லா."

சுருக்கென்றது. அவனோடு போய்விடுவதென்று முடிவு செய்தேன்.

0.1 மோலார் வினிகரில் ஹைட்ரஜன் அயனிச் செறிவு எவ்வளவு என்று மொரிதா கணக்குக் கொடுத்தான். வினிகர் அமிலம் தண்ணீரில் கொஞ்சம்தான் அயனிகளாகப் பிரியும்; பிரிந்தவை திரும்பச் சேர்ந்துகொண்டும் இருக்கும். பிரிந்த இரண்டு அயனிகளின் செறிவையும் பெருக்கி மேலே, பிரியாத அமிலத்தின் செறிவு கீழே என்று சமநிலைக் கோவை எழுத வேண்டும். தூக்கத்தில்கூட எழுதுவேன். ஆனால் வேண்டுமென்றே, அத்தனை அமிலமும் பிரிந்துவிட்டதாக வைத்து, ஹைட்ரஜன் அயனிச் செறிவும் 0.1 என்று எழுதினேன்.

மொரிதா பலகையையே பார்த்தான். வெளியே லாரி உறுமிக்கொண்டிருந்தது. விரட்டித் தொலையேன்டா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. அவன் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

"எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தப்பு," என்று ஆசையாகப் பலகையைத் துடைத்தான். "இத்தனை நாள் உனக்குச் சொல்லித்தர எனக்கு ஒன்றுமே இல்லாமல் இருந்தது. நாளையிலிருந்து காலையிலும் வா."

லாரிச் சத்தம் பிரிஞ்சாங் மலைப்பாதை வளைவில் மறைந்தது. அவன் சுண்ணக்கட்டியை என் கையில் வைத்து விரல்களை மூடினான்.