அணில் பார்க்கப் போனவன்

செத்துக் கிடந்த புருசன் சோலைமலையின் தலைமாட்டு விளக்குக்கு மீனம்மா எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது, வெளியே அடித்துக்கொண்டிருந்த தப்பு மேளம் சட்டென்று நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில், தண்ணி ஓடுகிற கானுக்கு அந்தப் பக்கம், ஒரு சிங்களப் பொம்பளை நின்றிருந்தாள். உடம்பு முழுக்க வெள்ளைச் சேலை. கையில் கொஞ்சம் வெள்ளைப் பூ.

"யாருக்கா இவ?" என்று பக்கத்துக் காம்பரா வீட்டு ராக்காயி மீனம்மாவின் காதில் கிசுகிசுத்தாள். "கீழ்க் கிராமத்தாளு மாதிரி இருக்கு."

"வெள்ளச் சீல கட்டிக்கிட்டு வந்திருக்கா பாரு," என்றாள் இன்னொருத்தி.

"அவங்க எழவுக்கு வெள்ளதாங்க்கா கட்டுவாங்க."

மீனம்மாவுக்கும் அது தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது. தாலி கட்டிக்கொண்டவள் மஞ்சள் பூசி, பூ வைத்து, சிவப்புச் சேலையில் உட்கார்ந்திருக்கிறாள். எங்கிருந்தோ வந்த ஒருத்தி இவளை முந்திக்கொண்டு வெள்ளை உடுத்தி வந்து நிற்கிறாள்.

வந்துவிட்டாள், லேனா.

விடிந்ததிலிருந்து மீனம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "கல்லாப் போயிட்டாளே, அழ வையுங்கடி" என்று பெண்கள் மாற்றி மாற்றிக் கட்டிப்பிடித்துப் பார்த்துவிட்டார்கள். துக்கம் வரத்தான் செய்தது. ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பெயர் வந்து வழியை அடைத்துக்கொண்டது.

சோலைமலைக்கு ஸ்டோரில் தேயிலைப் பெட்டிக்கு மார்க் அடிக்கிற வேலை. மீந்த கறுப்பு மையையும் உடைந்த பெட்டிப் பலகையையும் வீட்டுக்குக் கொண்டுவருவான். மூங்கில் குச்சியின் நுனியை மென்று மென்று தூரிகையாக்கி அணில் போடுவான். தலைகீழாக இறங்குகிற அணில், இரண்டு கையாலும் பழத்தைப் பிடித்துக் கடிக்கிற அணில், வாலை முதுகில் போர்த்திக்கொண்டு தூங்குகிற அணில். குளிர் புகாமலிருக்க அந்தப் பலகைகளையே சுவர் ஓட்டைகளில் அடித்து வைத்திருந்தான்.

"என்னையும் ஒரு நாளு போடேன்," என்று கல்யாணமான புதிதில் மீனம்மா கேட்டிருக்கிறாள்.

"ஓடிப்போறதத்தான் புடிச்சு வைக்கணும். நீ எங்க ஓடப்போற?"

அன்றைக்கு அது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

வெள்ளம் வந்து பாலம் போன வருசத்துக்கு முந்தியே ஞாயிற்றுக்கிழமை நடை தொடங்கிவிட்டது. தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கீழே சிங்களக் கிராமத்துப் பக்கம் இறங்கிவிடுவான். "எங்க?" என்றால், "அணில் பாக்க." தோட்டத்தில் இல்லாத அணிலா? நரைத்த ஆம்பளை அணில் பார்க்கப் போகிறானாம்! ஒரு நாள் ஆத்திரத்தில் ஒரு பலகையை எடுத்து அடுப்பில் வைத்தாள். திரும்பி வந்தவன் அடுப்பைப் பார்த்தான். தேத்தண்ணி கேட்டான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

உயிரை வாங்கிய இந்தக் காய்ச்சலில்தான் பெயர் வெளியே வந்தது. நெஞ்சுச் சளி இழுக்க இழுக்க, கண்ணைத் திறக்காமல் கேட்டான்.

"லேனா வந்துருச்சா?"

"யாரு?"

"சத்தம் போடாத. லேனா... வந்துருச்சா?"

வந்துருச்சா! ஊர்க்காரர்களிடம் மீனம்மாவைப் பற்றிப் பேசும்போதும் அவன் அப்படித்தான் சொல்வான். "அது மலைக்குப் போயிருச்சு, அது வந்துருச்சு." அவளுக்கென்று இருந்த அந்த 'அது'வையும் இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டானே. யாரிடமும் அவள் வாய் திறக்கவில்லை. கேட்டால் இவள்தானே சின்னவளாகிப் போவாள்?

சோலைமலையின் தம்பி நல்லமுத்து வந்து குனிந்தான். வலப்பனைச் சந்தைக்குப் போய்வருகிறவன். சிங்களம் நன்றாகப் பேசுவான்.

"மதினி, அந்தம்மா அண்ணன் மொகத்தப் பாக்கணுமாம்."

"பேரக் கேளு."

"கேட்டுட்டேன். பொடிமெனிக்கே."

மீனம்மா அவனை உற்றுப் பார்த்தாள். "பொய் சொல்லாத தம்பி. அவ பேரு லேனாதான?"

"லேனாவா?"

"ஒங்கண்ணன் சாகுற வரைக்கும் கூப்புட்ட பேரு. எனக்கு மறச்சு என்ன ஆகப்போவுது?"

நல்லமுத்து அண்ணன் முகத்தைப் பார்த்தான். மதினியைப் பார்த்தான். சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"மதினி... லேனான்னா அணிலு. சிங்களத்துல அணிலுக்கு லேனான்னுதான் சொல்லுவாங்க."

ராக்காயி, "அடி ஆத்தே!" என்றாள்.

லேனா என்ற சொல் காதில் விழுந்ததும் பொடிமெனிக்கே கானைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள். மீனம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு மளமளவென்று பேசினாள். நல்லமுத்து பக்கத்திலிருந்து எடுத்துச் சொன்னான்.

"அவங்க வீட்டுப் பின்னால ஒரு பலா மரம் நிக்கிதாம். ஞாயித்துக்கிழமயில அண்ணன் அதுக்கடியிலதான் ஒக்காந்திருப்பாராம். இந்தம்மா தேங்காச் சில்ல வச்சு லேனா லேனான்னு கூப்புடுவாங்களாம். அண்ணனும் அப்பிடியே கூப்புடப் பழகிட்டாராம். பாவம், ஒரு நாளுகூட வாய்தொறந்து தண்ணி கேட்டதில்லயாம்."

"வேற என்ன சொல்றா?"

"ஒண்ணுமில்ல மதினி."

"என்னமோ சொல்லிச் சிரிச்சாளே. சொல்லு."

"அணிலுங்க ஒண்ணுக்கொண்ணு சண்ட புடிக்கிறப்ப அண்ணனுக்குச் சிரிப்பு தாங்காதாம். சத்தங் கேட்டா ஓடிப்போயிருமேன்னு வாயப் பொத்திக்கிட்டு, கண்ணுல தண்ணி வழிய வழிய, மரத்துல சாஞ்சுக்கிட்டுச் சிரிப்பாராம்."

மீனம்மா கையை மெதுவாக உருவிக்கொண்டாள். எதிரில் சக்களத்தி இல்லை. முடியைப் பிடித்து இழுக்க ஆளில்லை. இத்தனை வருசம் ஒரே காம்பராவில் கூடப் படுத்தவளுக்கு அவன் அப்படிச் சிரித்து ஒரு நாள் தெரியாது. எதிரில் நிற்பவளோ பார்த்திருக்கிறாள். பார்த்ததை மறைக்கக்கூடத் தோன்றாமல் பார்த்திருக்கிறாள்.

"மொகத்தப் பாத்துக்கச் சொல்லு," என்று நகர்ந்து இடம் விட்டாள்.

பொடிமெனிக்கே பூவை அவன் காலடியில் வைத்து, மண்டியிட்டுக் கும்பிட்டாள். மீனம்மா அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாய்க்கரிசி போட்டு முடிந்து பாடை கிளம்பியபோது மலையில் தூறல் பிடித்திருந்தது. தப்பு முன்னே போக, பெண்கள் பின்னால் அழுதுகொண்டு போனார்கள். ரோடு திரும்புகிற முடக்கில் எல்லாப் பெண்களும் நின்றார்கள். அதற்கப்பால் குழிமேட்டுக்கு ஆம்பளைகள் மட்டும்தான்.

பொடிமெனிக்கே நிற்கவில்லை. அவர்கள் வழக்கத்தில் பெண்களும் போவார்கள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தேயிலைக்கு நடுவே இறங்குகிற பாதையில் ஆம்பளைகளோடு ஆம்பளையாக நடந்துகொண்டிருந்தாள்.

"பாருக்கா, இந்தக் கூத்த!" என்றாள் ராக்காயி. "ஏய் நல்லமுத்து, அந்தம்மாவ நிப்பாட்டுய்யா!"

நல்லமுத்து திரும்பி, மீனம்மாவைப் பார்த்தான். "நிக்கச் சொல்லவா மதினி?"

மீனம்மா எட்டிப் பார்த்தாள். கீழே பாதை வளைந்து வளைந்து போயிற்று.

"வுட்டுரு," என்றாள். "வழுக்கும், பாத்துப் போகச் சொல்லு. திரும்பி வர்றப்ப நம்ம வீட்டுப் பக்கமா வந்துட்டுப் போகச் சொல்லு."

பெண்கள் குளிக்கத் தண்ணீர்ப் பீலிக்குத் திரும்பினார்கள். ராக்காயி தோளைத் தொட்டாள்.

"வாக்கா. நனையிறியே."

மீனம்மா ராக்காயியின் தோளையே ஊன்றிப் பிடித்துக்கொண்டு, ரோட்டோரக் கல்லில் ஏறி, கீழே போகிற பாடையையும் வெள்ளைச் சேலையையும் பார்க்கக் குதிகாலை உயர்த்தினாள்.

"இருடி," என்றாள். "இன்னும் தெரியுது."