ஆறு மணிக்கு வரும் அப்பா

பிழைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தை நிரப்பிவிட்டு, காலிபா கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் போட்டாள். ஆசிரியர் அறையில் கரியடுப்பு எப்போதோ அணைந்திருந்தது. மேல்கோட்டோடுதான் உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமை மாகாணத் தலைநகர் நாரினிலிருந்து ஆய்வுக் குழு வருகிறது.

பிழைப் பேரேடு இந்த வருடத்துப் புது உத்தரவு. இலையுதிர் காலத்தில் பிள்ளைகளை ஆங்கிலத்தில் கட்டுரை எழுத வைக்க வேண்டும். செய்த பிழைகளை ஒன்றுவிடாமல் பேரேட்டில் எழுதி, எங்கே இடறுகிறார்களோ அதைப் பார்த்துப் பாடம் நடத்தி, குளிர்காலத்தில் திரும்ப எழுத வைக்க வேண்டும். யோசித்தவர் நல்ல ஆளாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் மலைப்பாதை ஏறிப் பள்ளிக்கூடம் வந்து சேர்வதற்குள் உத்தரவில் எண்ணிக்கை மட்டும் மிஞ்சியிருந்தது. பிழை குறைந்தால் மேல்வகுப்பு உனக்கு. கூடினால் சின்னப் பிள்ளைகளிடம் போ.

எல்லா ஆசிரியர்களும் கண்டுபிடித்த வழியைத்தான் காலிபாவும் கண்டுபிடித்தாள். பிழையில்லாத மாதிரிக் கட்டுரை ஒன்றைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னாள். ‘என் குடும்பம்’. இருபத்திரண்டு வருடமாக அவள் வகுப்பில் நடத்திவந்த அதே கட்டுரைதான். அதில் அப்பா மாலை ஆறு மணிக்கு வேலையிலிருந்து வருவார், தேநீர் குடிப்பார், செய்தித்தாள் படிப்பார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பூங்காவுக்குப் போவார்கள். அந்த ஊரில் பூங்கா கிடையாது.

இருபத்தாறு பிள்ளைகள். இலையுதிர் காலத்தில் இருநூற்றுப் பதினான்கு பிழைகள், இப்போது முப்பத்தொன்று. அந்த முப்பத்தொன்றில் பத்தொன்பது ஒரே நோட்டில் இருந்தன. எர்காயிமின் நோட்டு. முதல் நான்கு வரி மாதிரிக் கட்டுரைபோலவே போய், ஐந்தாவதில் தடம் புரண்டிருந்தது. அப்பா ருஷ்யாவில், எகாத்தரின்பூர்க் நகரத்தில் கார் கழுவுகிறார். மூன்று வருடமாக வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார், முதலில் பழுப்புக் குதிரையைப் பற்றிக் கேட்பார், அப்புறம் இவளைப் பற்றி. ஒவ்வொரு வாக்கியமும் நொண்டிக்கொண்டிருந்தது.

துணைத் தலைமையாசிரியை மைரம் உள்ளே வந்து பேரேட்டைப் புரட்டினாள். இருவரும் பயிற்சிக் கல்லூரியில் ஒரே அறையில் இருந்தவர்கள்.

“முப்பத்தொண்ணா? பரவாயில்லடி. உன் வகுப்புல அத்தனை அப்பனும் ஆறு மணிக்கு டாண்ணு வீடு வந்துடறாங்க. என் வீட்டுக்காரர் ஒருநாள் வந்திருப்பாரா?”

“உன் வீட்டுக்காரரையும் மனப்பாடம் பண்ணச் சொல்லு.”

மைரம் சிரித்தாள். எர்காயிமின் நோட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல், பள்ளிக்கு வரவில்லை என்று எழுதிவிடு, இல்லையென்றால் திரும்ப எழுத வை என்றாள்.

மறுநாள் காலை காலிபா எர்காயிமைக் கூப்பிட்டு, கட்டுரையைப் புதிதாக எழுதச் சொன்னாள். பெண் பத்து நிமிடத்தில் எழுதிக் கொண்டுவந்தாள். அப்பா ஆறு மணிக்கு வந்துவிட்டார். ஒரு பிழை இல்லை.

“அன்னைக்கு ஏன் வேற மாதிரி எழுதின?”

“பாதியில மறந்துபோச்சுக்கா. அதான் நெசத்தை எழுதிட்டேன்.”

காலிபா இரண்டு கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். சுத்தமான பக்கத்திலிருந்து இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று ஒன்றும் சொல்ல முடியவில்லை. அழுக்குப் பக்கம் எல்லாவற்றையும் சொன்னது.

அன்று மூன்றாம் பாடவேளையில் மாதிரிக் கட்டுரையை மூடி வைக்கச் சொல்லி, அப்பா இப்போது எங்கே இருக்கிறார் என்று எழுதச் சொன்னாள். துணிச்சல் என்று சொல்ல முடியாது. அலுத்துவிட்டது, அவ்வளவுதான். பின்வரிசையிலிருந்து ஒரு பெண், எந்த அப்பாவை எழுதணும் அக்கா, கட்டுரை அப்பாவா எங்கப்பாவா என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது.

முந்நூற்று நாற்பது பிழைகள். எல்லாவற்றையும் புதுப் பேரேடு ஒன்றில் எழுதினாள். பதினேழு பேரின் அப்பாக்கள் ருஷ்யாவில் இருந்தார்கள். அந்தப் பதினேழு நோட்டும் ஒரே இடத்தில் உடைந்திருந்தன. ஒருவர் போனார், இன்னும் வரவில்லை என்று எழுத ஒருவருக்கும் தெரியவில்லை. தெரிய வழியில்லை. இருபத்திரண்டு வருடமாக அவள் வருகிறவரை மட்டுமே எழுதக் கற்றுக்கொடுத்திருந்தாள்.

புதன்கிழமை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நடத்தினாள். பதினேழு நோட்டிலிருந்தும் ஒவ்வொரு வரியாகக் கரும்பலகையில் எழுதி, அவர்களையே திருத்த வைத்தாள். அந்தப் பதினேழு வாக்கியங்களையும் புதுப் பேரேட்டில் ஒரே பக்கத்தில் எழுதி வைத்தாள். பதினொரு பேருக்குப் பிடிபட்டது. ஆறு பேருக்குப் பிடிபடவில்லை. இன்னும் ஒரு வாரம் கிடைத்திருந்தால் அவர்களுக்கும் பிடிபட்டிருக்கும்.

அன்று மாலை மைரம் புதுப் பேரேட்டைப் பார்த்தாள்.

“பழசைக் குடு, காலிபா. கிறுக்குத்தனம் பண்ணாத.”

“பழசுல அடுப்பு மூட்டிட்டேன்.”

“உன்னை மூணாம் வகுப்புக்குத் தள்ளிடுவாங்கடி. என்னால தடுக்க முடியாது.”

“தெரியும்.”

வியாழக்கிழமை குழு வந்தது. ஆட்டிறைச்சியும் பொரித்த ரொட்டியும் சாப்பிட்டது. குழுவிலிருந்த அம்மாள் விரலை நன்றாகத் துடைத்துவிட்டு, பேரேட்டின் கடைசி எண்ணை மட்டும் பார்த்தாள். பிழை கூடியிருக்கிறது என்று தன் தாளில் குறித்துக்கொண்டாள். பதினேழு வாக்கியங்கள் இருந்த பக்கத்தை அவள் திறக்கவே இல்லை.

திங்கட்கிழமை காலிபா மூன்றாம் வகுப்புக்குப் போனாள். நாற்காலி அவளுக்குச் சின்னதாக இருந்தது. ஆங்கிலப் புத்தகத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு அப்பா செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். சுவரில் கடிகாரம், மணி ஆறு. அவள் புத்தகத்தை மூடி முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

“யார் யார் வீட்டுல அப்பா ஆறு மணிக்கு வராரு?”

ஒன்பது கைகள் உயர்ந்தன. கொஞ்சம் யோசித்து, இரண்டு கைகள் இறங்கின. காலிபா புது நோட்டு ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் தேதி போட்டாள்.