கதவில் எழுதிய எண்

பொறுப்புள்ள குடிமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: சுகாதார அலுவலகத் துணை மேற்பார்வையாளர், மாண்புமிகு பானிஃபேஸ் கபாசோ அவர்கள், துணைவியாரும் ஒரே மகளும் உடன்வர, டிசம்பர் பதினெட்டாம் தேதி தலைநகர் லுசாகாவிலிருந்து புறப்பட்டு, லுவாங்வா பள்ளத்தாக்கில் நான்கு இரவுகள் தங்கிச் சிங்கங்களைப் பார்வையிட இசைந்துள்ளார்.

சிங்கங்களின் இசைவு கேட்கப்படவில்லை.

இந்த அறிவிப்பு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில், பாடகர் குழு ஒத்திகைக்கும் தொலைந்துபோன குடை ஒன்றுக்கும் நடுவே வாசிக்கப்பட்டது. எழுதிக் கொடுத்தவர் கபாசோவேதான். 'மாண்புமிகு' என்ற சொல்லை வாசித்தவர் விழுங்கிவிட்டதில் அவருக்கு வருத்தம்.

அவர்கள் தங்கவிருந்த லாட்ஜ் குட்சன் தெம்போ என்பவருடையது. பள்ளத்தாக்கில் எட்டு ஊர்களின் வீட்டுச் சுவர்களுக்கு மழைக்கு முன் கொசு மருந்து அடிக்கும் ஒப்பந்தமும் அவருடையதுதான். எட்டு ஊரிலும் வேலை நூற்றுக்கு நூறு முடிந்தது என்று கபாசோ ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். ஊர்ப்பக்கம் அவர் போகவில்லை. போக வேண்டிய நாளில் தெம்போவே அலுவலகம் வந்து, "அந்தச் சேத்துல நீங்க எதுக்குத் தலைவரே கால வைக்கணும்? குடும்பத்தோட ஜம்முனு லாட்ஜுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டார். மழைக்காலத்தில் வெள்ளைக்காரர்கள் வருவதில்லை, அறைகள் சும்மாதான் கிடக்கும். தெம்போ லஞ்சத்தைக்கூட மிச்சத்தில்தான் கொடுப்பார்.

ஏற்பாடுகள் தொடங்கின. மூட்டை பிரித்து விற்கும் பழந்துணிச் சந்தையில் மகள் முசொண்டா உட்பட மூவருக்கும் காக்கி உடை வாங்கியாயிற்று. கபாசோவுக்குக் கிடைத்த தொப்பியின் உள்ளே யாரோ ஒரு ஜெர்மன்காரரின் பெயர் இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு வரவேற்பறையில் நடந்து பார்த்தார். மனைவி முத்தாலே சிரிக்காமலிருக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்த நீல உடுப்ப எடுத்து வைக்காத, முசொண்டா அம்மா. நீலத்தக் கண்டா கடிக்கிற செட்சி ஈ வந்து மொய்க்கும்."

"மொய்க்கட்டும். யாராவது ஒருத்தர் என்னைத் திரும்பிப் பாக்கட்டுமே."

அப்போதுதான் அவர் பையிலிருந்து மலேரியா மாத்திரைகளை எடுத்தார். புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்பே தொடங்கி, வாரம் ஒன்று விழுங்க வேண்டும்.

முத்தாலே அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "இத போட்டுத்தான் எதிர்வீட்டுப் பய ராத்திரியெல்லாம் அலறினான். எம் பொண்ணுக்கு வேணாம்."

"பள்ளத்தாக்குல கொசு இருக்கும்மா."

"எப்படி இருக்கும்? எட்டு ஊர்லயும் மருந்தடிச்சாச்சுன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? பேப்பர்ல போட்டோ வந்துச்சே, அத கண்ணாடி போட்டு மாட்டியிருக்கீங்களே!"

சுவரில் கபாசோ தாளை நீட்டியபடி புன்னகைத்துக்கொண்டிருந்தார். தரையில் நின்ற கபாசோ மாத்திரை அட்டையை வாங்கிப் பைக்குள் போட்டார்.

மூலையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த எஸ்னாட் நிமிர்ந்தாள். வீட்டோடு வேலை செய்பவள், ஊர் அந்த எட்டில் ஒன்று. நான்கு வயது மகன் யொஹானே அங்கே அவள் அக்காவிடம் வளர்கிறான்.

"ஆமா மேடம், எங்க ஊர்லயும் அடிச்சாச்சு. கதவுல சாக்பீஸ்ல நம்பர் எழுதிட்டுப் போனாங்களாம். இனிமே எதுக்குன்னு கொசு வலையப் பிரிச்சு மாமாகிட்ட மீன் புடிக்கக் குடுத்துட்டா எங்கக்கா. ஊரே அப்படித்தான் பண்ணிருக்கு." இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவைத்தாள். "இந்த வருஷம்தான் எம்புள்ளைய நெனச்சு பயமில்லாம தூங்குறேன். பாஸுக்குக் கடவுள் நல்லது செய்யணும்."

கபாசோ தொப்பியைக் கழற்றி மீண்டும் போட்டுக்கொண்டார். 'வலையைத் திரும்பக் கட்டச் சொல்லு.' ஒரே மூச்சில் சொல்லி முடிக்கக்கூடிய வாக்கியம். சொன்னால், ஏன் என்று கேட்பாள். கேட்டால் சுவரிலிருக்கும் போட்டோவை இறக்க வேண்டியிருக்கும்.

"நல்லது, நல்லது. காலர நல்லாத் தேய்" என்றார்.

ஆனால் அவர் அப்பா அல்லவா? அடுத்த மூன்று ஞாயிறுகளும் முதல் ஆளாக எழுந்து, மகளுக்குத் தாமே வேர்க்கடலைக் கஞ்சி காய்ச்சினார். மாத்திரையை நுணுக்கி அதில் கலந்தார். ஒன்றைத் தாமும் விழுங்கினார். "ஞாயித்துக்கெழம கஞ்சி மட்டும் கசக்குதும்மா" என்று முசொண்டா புகார் சொன்னாள். அப்பா சமையல் அப்படித்தான் இருக்கும் என்று முத்தாலே இன்னும் கொஞ்சம் சர்க்கரை போட்டாள்.

பதினேழாம் தேதி மதியம், பெட்டிகள் வாசலில் வரிசையாக நின்றபோது, எஸ்னாட்டின் போன் அடித்தது. யொஹானேவுக்கு நான்கு நாளாகக் காய்ச்சலாம். மழையில் ஆறு பெருகி, மருத்துவமனைக்குப் போகும் பாதை முழுகிவிட்டதாம். மாமா தோளில் தூக்கிக்கொண்டு சுற்றுவழியாக நடந்திருக்கிறார். பாதி வழியிலேயே தோளில் கனம் கூடிவிட்டது.

எஸ்னாட் அழவில்லை. கையிலிருந்த காக்கிச் சட்டையை ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு, "மேடம், பஸ்ஸுக்குப் போகணும்" என்றாள்.

"பஸ் எதுக்கு? நாளைக்கு நாங்க போற வழிதானே உங்க ஊரு. கார்லயே போலாம்" என்றாள் முத்தாலே.

கபாசோ எதிர்க்கக் காரணம் தேடினார். உலகத்தில் ஒரு காரணமும் மிச்சமில்லை.

விடியலில் கிளம்பி மாலையில் போய்ச் சேர்ந்தார்கள். துக்க வீட்டு முற்றத்தில் ஆண்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே பெண்களின் ஓலம். காரிலிருந்து சிங்கம் பார்க்கும் தொப்பியோடு இறங்கிய மனிதரை எல்லோரும் பார்த்தார்கள். பை நிறைய இருந்ததெல்லாம் காக்கிதான். துக்கத்துக்கு உடுத்த யாரும் எதுவும் எடுத்துவரவில்லை.

முத்தாலே வாசலில் நின்றுவிட்டாள். கதவில் வெள்ளையாக, பளிச்சென்று எண் இருந்தது: 214. உள்ளே போய்ச் சுவரைத் தடவினாள். மருந்தின் வெள்ளைப் பொடி இல்லை, பழைய புகைக்கரிதான் கையில் வந்தது.

"மருந்தடிச்சாங்களே, எப்போ?" என்று எஸ்னாட்டின் அக்காவைக் கேட்டாள்.

"என்ன அடிச்சாங்க? ரெண்டு பசங்க மோட்டார் சைக்கிள்ல வந்தானுங்க. கதவுல எழுதுனானுங்க, போனானுங்க. எழுதுறதுதான் மருந்துன்னு நெனச்சோம் தாயி. பெரிய ஆபீசர் கையெழுத்துப் போட்டதுன்னும் சொன்னாங்களே."

பள்ளத்தாக்கின் கொசுக்களுக்குப் படிக்கத் தெரியாது. அதுதான் திட்டத்தில் இருந்த ஒரே குறை.

முத்தாலே முற்றத்துக்கு வந்தாள். ஆண்கள் கூட்டத்தில் பெண் புகுந்து பேசும் வழக்கம் அங்கில்லை. அவள் புகுந்தாள்.

"ஞாயித்துக்கெழம கஞ்சி ஏன் கசந்துச்சு, முசொண்டா அப்பா?"

கபாசோ காரின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் உங்க பொண்ணுக்கு மட்டும் மாத்திரை கலந்திருக்கீங்க. கட்டின பொண்டாட்டி எனக்குக்கூடக் கலக்கல. சரி, போகட்டும். இவ உங்க சட்டையத் தேச்சுக்கிட்டே, வலையப் பிரிச்சாச்சுன்னு சொன்னாளே, அப்ப வாயில என்ன வச்சிருந்தீங்க?" அவள் கதவைக் காட்டினாள். "லஞ்சம் வாங்கினா அரசாங்கத்துக்குத்தான் நஷ்டம்னு நெனச்சுக்கிறோம். அரசாங்கத்துக்குக் காய்ச்சல் வராது. செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போடுறவன் ஏதோ ஒரு வீட்டுக் கதவுல சாவுக்கு நம்பர் போடுறான். அது இந்த வீடு."

எஸ்னாட் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவரை 'பாஸ்' என்றுகூடக் கூப்பிடாமல் உள்ளே திரும்பிப் போய்விட்டாள்.

கபாசோ தொப்பியைக் கழற்றினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு, பேச்சுமேடை இல்லாமல், மாண்புமிகு இல்லாமல், நெருப்பைப் பார்த்துச் சொன்னார்: "எட்டு ஊர்லயும் மருந்தடிக்கல. நான் பாக்காமலே கையெழுத்துப் போட்டேன். இன்னைக்கே எல்லாரும் வலையத் திரும்பக் கட்டுங்க. இதை நான் ஆபீஸ்லயும் எழுதிக் குடுப்பேன்."

நெருப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்த ஊர்த்தலைவர் தலையைத் தூக்கவில்லை.

"இந்த வார்த்தையச் சொல்ல உங்க லுசாகாவுல போன் இல்லையா, ஐயா?" என்றார். "வலையெல்லாம் ஆத்துல கிழிஞ்சு கெடக்கு."

கபாசோ குடும்பம் லாட்ஜுக்குப் போகவில்லை. போயிருந்தால் அவர்களை ஒரு கொசுவும் கடித்திருக்காது. எட்டு ஊருக்கு வந்த மருந்தில், அங்கே பன்னிரண்டு அறைகளுக்கும் இரண்டு முறை அடித்திருந்தார்கள்.