மூடப்படாத வீடு

ஒரு திங்கட்கிழமை காலையில் இளையவளின் வீடு முழுதாக மூத்தவளின் வீட்டுக்குள் வந்துவிட்டது. சுவர், ஜன்னல், துணி அலமாரி, அடுப்பில் பொங்கத் தயாராயிருந்த பால், முகத்தில் பாதி நுரையோடு சவரக்கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்ற கொழுந்தன் என்று எதுவும் விட்டுப்போகவில்லை. மூத்தவளின் கூடத்தில் நாற்காலிக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே அந்த வீட்டின் வாசற்கதவு இருந்தது. இடம் போதவில்லை என்று சொல்ல முடியாது, எப்படியோ இருந்தது. ஆனால் உள்ளே போகவும் வெளியே வரவும் மூத்தவளின் கூடத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும். இளையவள் கைப்பையை மாட்டிக்கொண்டு அந்தக் கதவைத் திறந்து, மூத்தவளின் முகத்தைக்கூடப் பார்க்காமல், அவள் அப்போதுதான் துடைத்த தரையில் செருப்புக்காலோடு நடந்து வேலைக்குப் போனாள். மூத்தவள் துணியை எடுத்து அந்தச் செருப்புத் தடத்தை மறுபடி துடைத்தாள்.

இரண்டு பேரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்ட ஓரகத்திகள். ஒரே வீட்டில் பல வருடம் இருந்து, பிறகு வீட்டைப் பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பியவர்கள். மாடிப்படி மூத்தவளின் பாகத்தில் விழுந்தது. துணி காயப்போட மாடிக்கு விடவேண்டும் என்று இளையவள் கேட்க, முடியாது என்று இவள் சொல்ல, கொத்தனார்கள் முன்னிலையிலேயே வாய் முற்றியது. "புருஷனையும் புள்ளையையும் பெட்டியில போட்டுப் பூட்டி வச்சிக்கங்க" என்று இளையவள் சொன்னாள். அந்தத் திங்கட்கிழமைவரை அதுதான் அவள் நேராகப் பேசிய கடைசிப் பேச்சு. அதன்பிறகு சுவர் காய்ந்தது, இவர்கள் மனசுப் புண் காயவில்லை. மூத்தவளுக்கு வாழ்க்கையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: தன் வீடு, அதில் தன் கணவர், தன் மகள், நான்காவதாக ஒரு தலை கூடாது. அந்தத் தலை இளையவளுடையதாக இருந்துவிடவே கூடாது.

கெட்ட நேரம், இரண்டு பேருக்கும் வேலை ஒரே அலுவலகத்தில், எதிரெதிர் மேசையில். ஊரின் வீடுகளையும் ஆட்களையும் கணினியில் ஆவணமாக்கும் அலுவலகம் அது. ஊர் ஒரு பெரிய டப்பா, அதற்குள் தெருக்கள், தெருவுக்குள் வீடுகள், வீட்டுக்குள் ஆட்கள். ஒவ்வொரு டப்பாவுக்கும் தொடக்கத்தில் ஒரு திறப்புக் குறி, முடிவில் ஒரு மூடு குறி. வீட்டைத் திறந்து, ஆட்களை எழுதி, மூடிவிட்டால் அந்த வீடு தனி வீடு. மூட மறந்தால் அடுத்து எழுதுவது எல்லாம் அதற்குள்ளேயே விழும். இரவில் பெரிய கணினி ஆவணத்தை முதலிலிருந்து கடைசிவரை படிக்கும், விடிந்ததும் ஊர் அதன்படி இருக்கும். முன்பு ஒருமுறை தபால்காரரைத் தவறுதலாக மரங்கள் என்ற பகுதிக்குள் எழுதிவிட்டார்கள். திருத்தும்வரை அவர் சாலையோரத்தில் நின்றார். நாய்கள் அவரைத் துரத்துவதை நிறுத்தி, வேறு காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டன.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் கண்காணிப்பாளர் ஒரு விதி கொண்டுவந்தார். ஒருவர் திறக்க வேண்டும், இன்னொருவர் மூட வேண்டும். திறந்தவர் ஆட்களை எழுதி முடித்ததும் வாய்விட்டு "மூடிடுங்க" என்று சொல்ல வேண்டும், கேட்ட பிறகே மற்றவர் மூடு குறியைப் போட வேண்டும். கேட்காமல் மூடுவது குற்றம். பழைய ஆவணத்தில் ஏதாவது திருத்துவதானால் திறந்தவரே மூடுபவரின் மேசைக்குப் போய், திரையில் இடத்தை விரல் வைத்துக் காட்ட வேண்டும். நான்கு கண் பார்த்தால் தப்பு வராது என்பது அவருடைய கணக்கு. மூத்தவளைத் திறக்கவும் இளையவளை மூடவும் அவர்தான் போட்டார். மனுஷருக்கு இவர்கள் பகை தெரியாமலா இருந்தது? பேசிக்கொள்ளாதவர்கள் அரட்டை அடிக்க மாட்டார்கள், வேலை ஓடும் என்று நினைத்துவிட்டார்.

வேலை ஓடத்தான் செய்தது. மூத்தவள் "மூடிடுங்க" என்று மின்விசிறியைப் பார்த்துச் சொல்வாள், இளையவள் மின்விசிறி சொன்னதைப்போல எடுத்துக்கொண்டு மூடுவாள். இப்படி எத்தனையோ தெருக்களை முடித்தார்கள். அவர்கள் தெருவின் முறை வந்தது. மூத்தவள் தன் வீட்டைத் திறந்தாள். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் முதலில் தன் பெயரைப் போட்டாள். வீட்டைப் பார்த்துக்கொள்வது யார், அவர்தானே தலைவர் என்பது அவள் கட்சி. அடுத்து கணவர், அதற்கடுத்து மகள். இனி அந்த ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும், சொல் வரவில்லை. ஊரார் வீட்டை மூடச் சொல்வது வேலை. தன் வீட்டை மூடித் தரச் சொல்லி இவளிடமா கேட்பது, அதுவும் "ங்க" போட்டு? பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வீட்டைத் திறந்துவிட்டாள். இளையவள் விரலைப் பொத்தான்மேல் வைத்தபடி காத்திருந்தாள், எல்லாவற்றையும் பார்த்தாள், வாயைத் திறக்கவில்லை. கேட்காமல் மூடினால் குற்றமாயிற்றே. அடுத்த வீடு இளையவளுடையதுதான். அதை மட்டும் மூத்தவள் மின்விசிறியிடம் ஒழுங்காகச் சொன்னாள், அது ஒழுங்காக மூடப்பட்டது, மூடப்படாத வீட்டுக்குள்.

செவ்வாய்க்கிழமை தையல்காரர் வீடு சமையலறைக்குள் வந்தது, தையல் இயந்திரத்தோடு. புதன்கிழமை பல் மருத்துவரின் வீடு வந்தது. வாரம் முடிவதற்குள் தெருவில் அதற்கப்பால் இருந்த வீடுகள் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. வெளியே தெரு வழுக்கைத் தலையாகக் கிடந்தது, உள்ளே மூத்தவளின் கூடம் பேருந்து நிலையமாகிவிட்டது. காலையில் அவள் குளிக்கப் போகும் வழியில் பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். பால்காரர் ஒரே வாசலில் தெருவுக்கே பால் ஊற்றிவிட்டு, வேலை மிச்சம் என்று அவளுக்கு நன்றி சொன்னார். அலுவலகத்தில் கணினி தினமும் கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு பிழை காட்டியது: ஏதோ ஒன்று மூடப்படவில்லை. எது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. படித்து முடித்த இடத்தில் நின்றுகொண்டு குறை சொல்லத்தான் தெரியும். எது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. கண்காணிப்பாளர் இரண்டு மேசைக்கும் நடுவில் வந்து நின்று, "யாராவது ஒருத்தர் விட்டுக்கொடுங்கம்மா" என்றார். இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்த பார்வையில் அவர் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் அவர் அந்தப் பக்கமே வரவில்லை.

தையல்காரரையும் பல் மருத்துவரையும் மூத்தவள் எப்படியாவது பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது வேறு. சுவர் எழுந்த நாளிலிருந்து வாய் திறந்து சிரிக்காத அவள் கணவர் சிரிக்க ஆரம்பித்தார். மாலையானால் தம்பி தன் கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வருவான். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சீட்டாடுவார்கள். சின்ன வயதில் ஒருவனை ஒருவன் ஏமாற்றிய கதையெல்லாம் எடுத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பார்கள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள், வீட்டுக்கு வந்ததும் நேரே சித்தியின் கதவைத் தட்டினாள். மூத்தவள் சமையலறையில், தையல் இயந்திரச் சத்தத்துக்கு நடுவில், அந்தச் சிரிப்பையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். ஒருநாள் கணவர் உள்ளே வந்து, "இப்பதான் வீடு வீடா இருக்கு, இல்ல?" என்றார். அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

மறுநாள் அலுவலகத்தில் அவள் மின்விசிறியைப் பார்க்கவில்லை, இளையவளையும் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துச் சொன்னாள்.

"என் வீட்ட மூடிடுங்க."

அறையே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. இளையவள் பழைய பக்கத்தைத் திரைக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"எந்த எடத்துல? வந்து காட்டணும்."

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சா போடு."

மூத்தவள் எழுந்து போகவில்லை. பத்தடி தூரம். எதிர்மேசைக்குப் போய், அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து நின்று, அவள் திரையில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். அதற்கு உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. இளையவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள், பிறகு பொத்தானைத் தட்டினாள். அன்று இரவு கணினி ஆவணத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தது. பிழை எதுவும் இல்லை என்றது.

விடிந்தபோது தெரு பழையபடி இருந்தது. தையல்காரர் தன் வீட்டில், பல் மருத்துவர் தன் வீட்டில், இளையவள் சுவருக்கு அந்தப் பக்கம். மூத்தவளின் கூடத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. அவள் நிம்மதியாக மூச்சு விட்டு, தேநீர் போட்டு, கணவரைக் கூப்பிட்டாள். பதில் ஜன்னலுக்கு வெளியிலிருந்து வந்தது. அவர் தெருவில் தலையணையைக் கட்டிக்கொண்டு நின்றார், மகள் பக்கத்தில் போர்வையோடு. படியேறினால் கால் மறுபடி தெருவிலேயே விழுந்தது. அவள் உள்ளேயிருந்து கையைப் பிடித்து இழுத்தாள், கை வந்தது, ஆள் வரவில்லை. அலுவலகத்துக்கு ஓடிப்போய்த் தன் திரையில் பார்த்தாள். வீடு திறந்திருந்தது, அவள் பெயர் இருந்தது, அந்தப் பெயருக்கு அடுத்த வரியிலேயே மூடு குறி. கணவரும் மகளும் அதற்குக் கீழே எந்த வீட்டிலும் இல்லாமல் தெருவில் கிடந்தார்கள். கணினி அதைத் தப்பென்று சொல்லாது. முனையில் செருப்புத் தைப்பவரும் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தார், வீடு இல்லாமல், நேரடியாகத் தெருவுக்குள். அவர் எந்த வீட்டுக்குள்ளும் நுழைந்து யாரும் பார்த்ததில்லை. விருந்தாளியாக ஒரு வீட்டுக்குள் போவதற்குப் போகிறவருக்கு வேறொரு வீடு இருந்தாக வேண்டும் என்பதை ஊர் அன்றைக்குத்தான் யோசித்துப் பார்த்தது.

மூத்தவள் தன் மேசையிலிருந்தே கத்தினாள். "எதுக்குடி இப்படிப் பண்ண?"

இளையவள் நிதானமாகச் சொன்னாள். "பிழை எதுவும் காட்டலியே அக்கா. வேற எடம்னா வந்து விரல் வச்சுக் காட்டுங்க. இப்பவே மாத்திடறேன்."

அவள் அதைக் கிண்டலாகச் சொன்னாளா, மனசாரச் சொன்னாளா என்று அந்த அறையில் இருந்தவர்களுக்குள் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. சொன்னதைச் செய்திருப்பாள் என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை, விரல் வைத்துக் காட்டினால் காட்டிய இடத்தில் போடுகிறவள்தான் அவள். மூத்தவள் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். நின்றாள். திரும்பி உட்கார்ந்து அடுத்த தெருவைத் திறந்தாள்.

அன்றிலிருந்து தந்தையும் மகளும் ஜன்னலுக்குக் கீழே குடியிருந்தார்கள். தம்பி ஒரு மரப்பலகையும் தார்ப்பாயும் கொண்டுவந்து கொடுத்தான். மகள் பொதுக்குழாயில் முகம் கழுவி, மருந்துக்கடைக்குப் போய், அதன் வாசலிலேயே நின்று வியாபாரம் பார்த்தாள். கடையும் ஒரு கூரைதானே, அதற்குள்ளும் கால் போகவில்லை. மழைக்காலத்தில் ஒரு நாள், நனைந்த தலையோடு அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "பத்தடிம்மா. எனக்காக நடக்க மாட்டியா?"

"அவ முன்னாடி நான் குனியணுமா?" என்றாள் தாய்.

"நாங்க தெருவுல குனிஞ்சு படுக்கறோம்" என்றாள் மகள். அதற்குமேல் அவள் கேட்கவில்லை. இரண்டு வருடம் கழித்து மருந்து கொண்டுவரும் வண்டிக்காரரைப் பதிவு அலுவலக வாசலில் நின்றபடியே திருமணம் செய்துகொண்டாள். புது வீடு ஆவணத்தில் ஏற வேண்டியிருந்தது. எழுதியது தாய்தான். மருமகன் பெயரையும் மகள் பெயரையும் எழுதினாள். "அப்பாவையும் எங்க வீட்டுல சேத்துடும்மா, வயசாச்சு" என்று மகள் ஜன்னல் வழியாகச் சொல்லியிருந்தாள். மூன்றாவது வரியில் அவள் விரல் வெகுநேரம் நின்றது. அவர் அங்கே போய்விட்டால் ஜன்னலுக்கு வெளியிலும் யாரும் இருக்க மாட்டார்கள். அவள் அந்த வரியை விட்டுவிட்டு, மின்விசிறியைப் பார்த்து, மூடச் சொன்னாள். இளையவள் முதல்முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள், பிறகு மூடினாள்.

மகளுக்கு இப்போது வீடு இருந்ததால் விருந்தாளியாக வர முடிந்தது. ஒரே ஒருமுறை வந்தாள். பிறந்த வீட்டுக் கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லிப் போனாள். கணவர் யாரையும் குறை சொல்லவில்லை. தார்ப்பாயைத் தகரமாக மாற்றிக்கொண்டார், தம்பி வெளியே வந்து அவரோடு சீட்டாடினான், அந்தச் சிரிப்பு மூத்தவளுக்கு ஜன்னல் வழியாகக் கேட்டது. அலுவலகத்தில் அந்தப் பத்தடி இன்னும் அப்படியே இருக்கிறது, நடுவில் நாற்காலிகூடக் கிடையாது. தெருவாசிகளுக்கும் பழகிவிட்டது. வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்களிடம், தண்ணீர் வசதி, பேருந்து வசதியோடு சேர்த்து, அந்த வீட்டுக்காரர் வெளியேதான் இருப்பார், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். காலையிலும் இரவிலும் அவள் சமைத்து, ஆற விடாமல், ஜன்னல் வழியாகத் தட்டை நீட்டுகிறாள். அவர் வாங்கிக்கொண்டு பலகையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். சாப்பிட்ட பிறகு தட்டு மட்டும் வீட்டுக்குள் போகிறது.