பூட்ட ஒருத்தி போதும்

"சாவியைக் கொடுக்கிறியா இல்லையா?"

"கொடுக்க மாட்டேன் அத்தான். இன்னும் கொஞ்சம் சத்தமா கத்துங்க, ஆறாவது மாடிக்குக் கேக்கல."

எல்லா மாடிக்கும்தான் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டுப் படிக்கட்டுக்கு ஓடி வந்தவர்களில் பாதிப் பேர், ஏதோ காயப்போடப் போகிறவர்கள்போல ஈரத்துணியும் கையுமாக நின்றார்கள்.

கத்தியவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். லிஃப்ட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகியிருந்தவள் அவருடைய கொழுந்தியாள்; ஆறாவது மாடியில் வீடு, தரைத்தளத்தில் பியூட்டி பார்லர். சங்கத்தின் வேலைகளை மேற்பார்வை பார்க்க மூன்று பேர் கொண்ட கண்காணிப்புக் குழு ஒன்று உண்டு. அதற்கு ஆள் போடுவது யார் என்றால், யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அந்தச் செயலாளரேதான்! தலையாட்டவே பிறந்த ரிட்டயர்ட் வங்கி மேனேஜர், ஊரார் வாயைத் திறக்கச் சொல்லிச் சொல்லித் தன் வாயைத் திறக்க மறந்துபோன பல் டாக்டர், அப்புறம் நம்ம வீட்டுப் பெண்தானே என்று இவள். கூட்டம் நடப்பதும் அவர் வீட்டு சோபாவில். காபி வரும், கையெழுத்து போகும்.

போன கூட்டத்தில் இவள் காபியைத் தொடவில்லை. "லிஃப்ட்ல பிரேக் சரியில்ல. தளத்தைத் தாண்டி இறங்கி நிக்குது. சரி பண்ற வரைக்கும் ஓடக்கூடாது" என்றாள். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார் அத்தான். மற்ற இருவரும் பிஸ்கட்டை ஆராய்ந்தார்கள். இவள் எழுந்துபோய்ப் பூட்டிவிட்டாள்.

குழுவில் ஒருவர் நினைத்தால் பூட்டலாம். திறக்க மூவரும் சம்மதிக்க வேண்டும். முந்தைய செயலாளரை மடக்குவதற்காக இந்த விதியைக் கொண்டுவந்த புண்ணியவானும் அத்தானேதான். இப்போது அவரே படிக்கட்டடியில் நின்று கத்தினார்.

"ஞாயித்துக்கிழமை உன் பொண்ணைப் பாக்க வராங்க. பையனோட அம்மாவுக்கு முட்டி வலி. நான் அலைஞ்சு பிடிச்ச சம்பந்தம்டி! ஒரு நாள் திறந்துவிட்டுட்டு அப்புறம் பூட்டித் தொலை."

மகள் முகம் சுளிக்காமல் சரியென்ற முதல் வரன் அது. ஆனால் அவள் கை இடுப்புச் சாவியை இறுக்கிக்கொண்டது.

"விருந்தாளி ஏறினா மட்டும் பிரேக் பிடிச்சிருமா அத்தான்?"

ஞாயிற்றுக்கிழமை தரைத்தளத்தில் ஸ்கூட்டர்களுக்கு நடுவே நாற்காலி போட்டுப் பெண் பார்க்கும் வைபவம் நடந்தது. பையனின் அம்மாவுக்கு முகம் கடுகடுவென்று இருந்தது.

"எங்களுக்காக ஒரு தடவை திறந்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

"நீங்க முழுசா வீடு போய்ச் சேரணும்னுதான் திறக்கல சம்பந்தி."

"சம்பந்தியா? அம்மாவே இவ்வளவு பிடிவாதம்னா பொண்ணு எப்படியோ!"

அதுவரை தலைகுனிந்து நின்ற மகள் நிமிர்ந்தாள். "என்னோட ஒப்பிட்டா அம்மா எவ்வளவோ பரவாயில்லைங்க ஆன்ட்டி."

கார் கிளம்பிவிட்டது. பையன் மட்டும் கண்ணாடி வழியே ஒருமுறை திரும்பிப் பார்த்தான்; பார்த்ததோடு சரி. அன்றிரவு அம்மாவும் மகளும் ஒரே தலையணையில் அழுதார்கள். சாவி இடுப்பிலேயே இருந்தது.

மாடி ஏறி இறங்கிய சனமெல்லாம் செயலாளர் வீட்டு வாசலில் நின்று மூச்சு வாங்கியதில், அடுத்த மாத மெக்கானிக் இந்த மாதமே வந்தார். பிரேக்கைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதுலயா ஏறிட்டிருந்தீங்க?" என்றார். பல் டாக்டர் முதன்முதலாக வாயைத் திறந்து, இனிமேல் குழுவை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்றார். மேனேஜர் பழக்கதோஷத்தில் அதற்கும் தலையாட்டினார்.

அத்தான் வீட்டை விற்றுவிட்டு, மாடியே இல்லாத ஒரு வீட்டுக்குக் குடிபோய்விட்டார். மகளுக்கு மறுவருஷம் வேறொரு இடத்தில் கல்யாணம் ஆனது. புகுந்த வீடு நாலாவது மாடி, லிஃப்ட்டே கிடையாது. மாமியார் தினமும் ஏறி இறங்குகிறாராம், முட்டி கல்லு மாதிரி இருக்கிறதாம்.