பத்து மணி வார்டு

"அந்தக் காயிதத்த மொதல்ல கிழி பத்மினி, வர்றவங்க கண்ணெல்லாம் அதுமேலயே…"

"கிழிக்க வேணாம் அண்ணி, அவரு கையால ஒட்டுனது, அது பாட்டுக்கு…"

"டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு ஊட்டுலயே இருந்தும் எந்தம்பி போயிட்டான்னு ஊரே பேசிக்கினு இருக்குது. செவுத்துல டைம் டேபிள் ஒண்ணுதான் கொறச்சல்."

"ஒடம்பு ஒரு மாதிரியா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம்பொண்ணு உட்டிருப்பாளா? சொல்லலியே அந்த மனுசன்."

அம்மா பத்மினியும் அத்தை கமலம்மாவும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருக்க, நைனா அப்பாவுவின் தலைமாட்டில் இருந்த கலைவாணி விளக்குக்கு எண்ணெய் விட்டாள். அது ஏற்கெனவே நிறைந்திருந்தது. வழிந்து தரைக்கு வந்தது.

திருப்பதியில் மூன்றாம் வருஷம் படிக்கிறாள். மஞ்சள் காமாலை வந்ததில், ஒன்றரை மாசம் ஓய்வென்று ராமகுப்பத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வார்டில் நோயாளிகளைப் பார்க்கிற நாளெல்லாம் வீணாகிறதே என்று அழுதவளுக்கு நைனாதான் வழி சொன்னார்.

"அழுவாத. நான் பேஷண்டா வர்றேன். என்ன வியாதின்னு மட்டும் நீ சொல்லு."

சுவரில் ஒட்டிய தாளில் பத்து மணிக்கு நேராக அவரே எழுதினார்: வார்டு. பேஷண்ட் அப்பாவு.

அன்றிலிருந்து, பட்டுப்புழுவுக்குத் தழை போட்டுவிட்டுக் கால் கழுவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்காருவார். வார்டுக்கு வருகிறவர்கள் பேசுவது தெலுங்கு என்பதால் இங்கேயும் தெலுங்குதான். என்ன தொந்தரவு என்பதற்கு "ஏமி பாத?" என்று இவள் ஆரம்பிப்பாள். அவர் முனகுவார், இருமுவார், காலை இழுத்து இழுத்து நடப்பார். "வேல சொன்னாத்தான் இந்த ஆளுக்கு மெய்யாலுமே இடுப்பு வலிக்கும்" என்பாள் பத்மினி அடுப்படியிலிருந்து.

நேற்றைக்குச் சர்க்கரை வியாதி. வேர்த்துப்போய் வந்து உட்கார்ந்தார்.

"ஏமி பாத?"

"மாரு அடைக்குதும்மா."

"மாரு வலி நாளைக்கு நைனா. இன்னிக்கு சக்கரை. தெலுங்குல சொல்லு."

கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். அப்புறம் சிரித்து, "சரே, டாக்டரம்மா" என்றார். தாகம், கால் எரிச்சல், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பது, எல்லாவற்றுக்கும் தெலுங்கில் பதில் சொன்னார். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். தழை வெட்டப் போனார்.

வரப்பில் விழுந்து கிடந்தவரைக் குப்பம் டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வழியிலேயே முடிந்துபோயிற்று.

வெளியே மூங்கில் பிளக்கிற சத்தம் கேட்டது.

"அந்தச் சேரையாவது வெளிய போடு, வர்றவங்க குந்தட்டும்" என்று கமலம்மா நாற்காலியை இழுத்தாள்.

கலைவாணி எழுந்து அதை வாங்கினாள். வெளியே கொண்டுபோகவில்லை. எப்போதும் போடுகிற இடத்தில், தாளுக்குக் கீழே போட்டாள். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தாக இன்னும் கொஞ்சம் இருந்தது.

"என்னாடி பண்ற?" என்றாள் பத்மினி.

"சொன்னாரும்மா."

"என்னா சொன்னாரு? எப்போ?"

கமலம்மாவும் பேச்சை விட்டுவிட்டுத் திரும்பினாள். கலைவாணி நைனாவின் பக்கத்தில் மண்டியிட்டு, வாய்க்கட்டுத் துணி நனையாதபடி விளக்கிலிருந்து கன்னத்தில் தெறித்திருந்த எண்ணெயைத் துடைத்தாள். காதருகே குனிந்தாள்.

"என்னா பண்ணுது நைனா? தமிழ்லயே சொல்லு."