முன்பக்கம் திறக்கும் கங்காரு

ஏசி மெக்கானிக்கின் மகள் ஏழு வாரம் முந்திக்கொண்டு பிறந்துவிட்டாள். எடை ஒரு கிலோ அறுநூறு கிராம். அவர் தோளில் தொங்கும் ஸ்பானர் பை அவளைப் போல ஆறு மடங்கு கனம். பத்து நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து, மூச்சு சீராகி, வெளியே வந்தாள். ஒரே குறை, உடம்பில் சூடு நிற்கவில்லை. முப்பத்தாறைத் தொட்டும் தொடாமலும் ஊசலாடியது. இப்படியே இருந்தால் மறுபடி பெட்டிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவியோ ஆபரேஷன் தையலில் சீழ் பிடித்து, காய்ச்சலோடு மாடி வார்டில் கிடந்தாள். எழுந்து வர வழியில்லை.

மாலையில் நர்ஸ், மூன்று குழந்தைகளுக்கும் இரண்டு டாக்டர்களுக்கும் நடுவே ஓடிக்கொண்டே சொன்னாள்.

"சார், நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு உங்க குழந்தைக்குக் கங்காரு. சுத்தமா இருக்கணும். முன்பக்கம் திறக்குற மாதிரி இருக்கணும். ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி நிறுத்தக் கூடாது."

வேறு யாராக இருந்தாலும் "என்ன சிஸ்டர் அது?" என்று கேட்டிருப்பார்கள். இவர் மெஷின்காரர். ஒரு மெஷினைப் பற்றித் தெரியாது என்று வாயால் சொல்வதற்குப் பதில், ஓடுகிற ஃபேனில் கையை விட்டுவிடுவார். பலமாகத் தலையாட்டிவிட்டு, வெளியே காத்திருந்த மாமனாரிடம் வந்தார்.

"ஏதோ புது ஹீட்டர் மாமா. கங்காருன்னு கம்பெனி. ஃப்ரண்ட் ஓபன் மாடல்."

மாமனாரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டர் கிளம்பியது. மருந்துக் கடை, ஆஸ்பத்திரிச் சாமான் கடை என்று ஒரு நூற்றெட்டுக் கடை ஏறி இறங்கியிருப்பார்கள். கடைக்காரர்களும் இவரைப் போலத்தான், ஒருத்தர் வாயிலிருந்தும் தெரியாது என்ற சொல் வரவில்லை.

"கங்காருவா? இப்பத்தான் கடைசி பீஸ் போச்சு," என்றார் ஒருவர்.

"அந்தக் கம்பெனி வேண்டாங்க, ரிப்பேர் ஜாஸ்தி," என்றார் இன்னொருவர்.

மூன்றாமவர், "சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா?" என்று கேட்டார். இவரும் நன்றாக யோசித்து, "சின்னக் குழந்தைதானே, சிங்கிள் போதும்," என்றார்.

மாமனாருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. "ஊர்ல இருக்குறவனுக்கெல்லாம் மெஷின் மாட்டுறீங்க மாப்பிள்ளை. சொந்தப் பொண்ணுக்கு ஒண்ணு தேடிப் பிடிக்க முடியல."

மெக்கானிக் அடுத்த கடைக்கு வண்டியைத் திருப்பினார்.

காலை எட்டு மணிக்கு, கக்கத்தில் ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசரோடு நர்ஸ் முன்னால் போய் நின்றார்.

"மெஷின் எங்கயும் கிடைக்கல சிஸ்டர். ஆர்டர் போட்டிருக்கேன். வந்ததும் கரண்டு ஏறி இறங்காம இருக்கட்டும்னு இதை மட்டும்..."

நர்ஸ் ஸ்டெபிலைசரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி ஸ்டெபிலைசரைப் பார்த்தாள்.

"முன்பக்கம் திறக்கணும்னு சொன்னது உங்க சட்டையை, சார்."

"சட்டையா?"

"கங்காரு குட்டியை எங்க வச்சுக்கும்? வயித்துப் பையில. அது மாதிரி நீங்க நெஞ்சுல வச்சுக்கணும். தோலோட தோல் ஒட்டி. மெஷினே நீங்கதான்."

மாமனார் சிரித்த சிரிப்பில் மூன்று தொட்டில்கள் விழித்துக்கொண்டு அழுதன. அவரை, ஸ்டெபிலைசரோடும் மாப்பிள்ளையின் போனோடும் சேர்த்து, வராந்தாவுக்கு அனுப்பினார்கள்.

மெக்கானிக் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். தொப்பியும் டயப்பரும் காலுறையும் மட்டும் போட்ட குழந்தையை அவர் நெஞ்சில் கவிழ்த்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, தவளை போலக் கால்களை மடக்கி, துணியால் இழுத்துக் கட்டினாள் நர்ஸ்.

"எத்தனை டிகிரி செட் பண்ணணும் சிஸ்டர்?"

"முப்பத்தேழு. நீங்க பொறக்கும்போதே செட் பண்ணி அனுப்பிட்டாங்க."

பதினைந்து வருஷமாக ஊரையே விறைக்க வைத்த மனுஷன், தன் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்ட முதுகைப் பிடித்தபடி, பயத்தில் மூச்சை நிறுத்திக்கொண்டார்.

"மூச்சு விடுங்க சார். உங்க நெஞ்சு ஏறி இறங்கினாத்தான் அவளுக்கும் மூச்சு விடுற ஞாபகம் வரும்."

விட்டார். இழுத்தார். மறுபடி விட்டார். ஐந்து நிமிஷம் ஓரிடத்தில் உட்கார்ந்து அறியாதவர், மூக்கு நுனி அரித்ததைக்கூடச் சொறியவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து நர்ஸ் தெர்மாமீட்டரை வைத்து எடுத்தாள். முப்பத்தாறு புள்ளி எட்டு.

"இப்படியே நின்னா பெட்டி வேண்டாம் சார். இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருங்க."

அவர் கண்ணில் லீக். இத்தனை வருஷ அனுபவம் இருந்தும் அதை அடைக்கத் தெரியவில்லை.

வராந்தாவில் போன் அடித்தது. மாமனார் எடுத்தார். மெக்கானிக்கின் முதலாளி.

"அவரு எங்கங்க? ஒரு பெரிய கடையில ஏசி நின்னுபோச்சு."

"வேலையில இருக்காருங்க."

"எந்த சைட்டு? எத்தனை டன்?"

மாமனார் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தார். "டன்னெல்லாம் இல்லைங்க. ஒண்ணரைக் கிலோ சொச்சம்."

"என்னது? சரி, எப்ப முடியும்?"

"எப்படிச் சொல்றது? இப்பத்தான் சூடு ஏறியிருக்கு."

"சூடு ஏறுதா? உடனே ஆஃப் பண்ணச் சொல்லுங்க பெரியவரே. விட்டா புகைஞ்சு போயிடும்."

"வாயைக் கழுவுங்க," என்று சொல்லி, மாமனார் போனைத்தான் ஆஃப் பண்ணினார்.